பார்த்தாச்சு

என் அண்ணியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஒரே வீடு, ஒரே ஆபீஸ், எதிரெதிர் மேசை. வீட்டில் தொடங்கிய சண்டையை பஸ்ஸில் கொஞ்சம் தொடர்ந்து ஆபீஸில் முடித்துக்கொள்ளும் வசதி எந்த நாத்தனாருக்குக் கிடைக்கும்? நாத்தனார் என்றால் குறைதானே சொல்வாள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். குறையும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் ஆபீஸ் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. உள் அறை மேனேஜருக்கு. வெளி அறையில் நான், அண்ணி, ஒரு தண்ணீர்க் கேன், சுவர் முழுக்க அலமாரி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும். கீழேயிருந்து பெயின்ட் நெடி ஏறி வரும். கம்பெனிக்குச் சொந்தமாகச் சில பழைய சரக்குக் கப்பல்கள் உண்டு. எந்தக் கப்பலில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. கப்பல்களுக்குக் கடிதம் அனுப்புவது அண்ணியின் வேலை.

கடிதம் அனுப்புவதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். கடலில் இருக்கும் எங்கள் கப்பல்களுக்கு இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாக ஊர்ந்துதான் போகும். மின்னஞ்சலோடு கனமான இணைப்பு எதையாவது அனுப்பினால் பாதி வழியில் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. பின்னால் நிற்கும் கடிதங்களும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அதனால் இணைப்புகளைக் கரையிலேயே பிரித்து, வெறும் எழுத்தாக மாற்றி அனுப்ப ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம். அதற்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் உண்டு. நாங்கள் வைத்த பெயர் மொட்டை. வண்ணம், படம், கட்டம், முத்திரை எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு எழுத்தை மட்டும் கொடுக்கும். "அண்ணி, அந்தத் துறைமுகத்துக்காரருக்கு மொட்டை போட்டாச்சா?" என்று நான் கேட்கும்போது வெளியாள் யாராவது உட்கார்ந்திருந்தால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மொட்டை ஒரு நொடியில் முடித்துக் கொடுப்பதை அண்ணி நம்பவே மாட்டார். திரையின் இடது பாதியில் அசல், வலது பாதியில் மொட்டை. விரலைத் திரையில் வைத்து, உதடு அசைய, இங்கும் அங்கும் பார்த்து வரி வரியாகப் படிப்பார். கட்டம் உடைந்து ஏதாவது ஒரு எண் அடுத்த வரியில் போய் உட்கார்ந்திருக்கும். அதை இழுத்து அதன் இடத்தில் வைப்பார். சிவப்பில் அலறிய எச்சரிக்கை மொட்டையில் சாதுவாக நிற்கும்; அதன் முன்னால் 'கவனம்' என்று தட்டுவார். எல்லாம் முடிந்ததும் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் போடுவார்: பார்த்தாச்சு. அந்தத் திரையில் படியும் விரல் அழுக்கைத் துடைத்துத் துடைத்தே என் துப்பட்டா ஒன்று வீணானது.

"இது என்னம்மா, உங்க கையெழுத்தா?" என்று மேனேஜர் ஒருமுறை கேட்டார்.

"இல்ல சார். நான் என் கண்ணால பாத்தேன்னு சொல்றேன்."

"கப்பல்ல கேட்டாங்களா?"

"கேக்கல சார்."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. வீட்டில் நான் சும்மா விடுவேனா? அண்ணி கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பி வந்து குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செருப்பு மாட்டிய பிறகும் உள்ளே ஓடுவார். "பார்த்தாச்சா?" என்று நான் வாசலில் நின்று கத்துவேன். அவர் மகள், எங்கள் வாயாடி, தன் வீட்டுப்பாடத்தின் அடியில் அம்மா மாதிரியே 'பார்த்தாச்சு' என்று தானே எழுதிக்கொண்டு போய் டீச்சரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். அண்ணிக்குக் கோபமே வராது. வந்தால்தான் என்ன என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

என் அண்ணன் அதே கம்பெனிக் கப்பலில் போசன். மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவன் என்று அர்த்தம். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பான். எங்கள் இரண்டு பேருக்கும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அவனிடம் ஒரு வீம்பு உண்டு. சரக்குக் கொட்டி வைக்கும் ஹோல்டு இருக்கிறதே, மூடியைத் திறந்தால் உள்ளே ஏணி கிணறு மாதிரி இறங்கும். அதற்குள் முதல் காலை வைக்கிறவன் தானாகத்தான் இருக்க வேண்டும் என்பான். ஆட்களை இறக்கிவிட்டு மேலே நின்று வேடிக்கை பார்க்கிற போசன்களை அவனுக்குக் கண்டால் ஆகாது. இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வான். அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவார்.

அன்று வாயாடிக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. அதற்கு முந்தைய போட்டிகள் எதற்கும் அண்ணி போனதில்லை. கடிதம் வரும், யார் பார்ப்பது என்பார். இந்தத் தடவை வாயாடி அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. "நீ வரமாட்டேன்னு தெரியும்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. ஆபீஸுக்கு வந்ததும் மொட்டையின் அமைப்பைத் திறந்தார். 'தானாக அனுப்பு' என்று ஒரு கட்டம் அதில் எப்போதும் காலியாகவே கிடக்கும். அதில் டிக் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு நாள்தானே?"

"போயிட்டு வாங்க அண்ணி, கப்பல் ஒண்ணும் கவுந்துடாது" என்றேன். எனக்கும் அன்று வேலை தலைக்கு மேல் இருந்தது. புதிதாக ஏறும் ஆட்களோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்தபோது திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வாயாடிக்கு இரண்டாம் பரிசு. மேடையில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்து பேசினாளாம். சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். காலையில் தானாகப் போன கடிதங்களைச் சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று திறந்தார். பேச்சு பாதியில் நின்றது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. விரல் திரையில் ஒரே இடத்தில் இருந்தது.

"என்ன அண்ணி?"

"மூணாவது ஹோல்டு" என்றார். "எறங்கலாம்னு போயிருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அண்ணன் இருக்கும் கப்பலுக்குப் போன கடிதம். கப்பல் நிறையத் தானியம். பூச்சி பிடிக்காமல் இருக்கத் தானியத்துக்குள் மருந்து வில்லைகளைப் புதைத்து மூடியிருப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு பூச்சியை மட்டும் கொல்லாது. போய்ச் சேரும் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, எந்த ஹோல்டை எப்படித் திறப்பது என்று மருந்து போட்ட கம்பெனி சொன்ன பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். அந்தக் கம்பெனியிலிருந்து காலையில் வந்த தாள்தான் திரையில் இருந்தது.

அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பழக்கம். பழைய வரியை அழிக்க மாட்டார்கள். அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் புதியதை ரப்பர் முத்திரையாகக் குத்துவார்கள். இடது பக்கத்து அசலில், 'மூன்றாவது ஹோல்டைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தபின் இறங்கலாம்' என்ற வரியின் மேல் கோடு இருந்தது. பக்கத்தில் ஊதா முத்திரை: 'திறக்கக் கூடாது. கூடுதல் மருந்து போடப்பட்டுள்ளது. எங்கள் ஆள் கருவியோடு வந்து சோதிக்கும்வரை யாரும் இறங்கக் கூடாது.' மொட்டைக்குக் கோடு எழுத்தில்லை. முத்திரை ஒரு படம். இரண்டையும் வழித்துப் போட்டுவிட்டு, அடித்துப்போட்ட வரியை மட்டும் சுத்தமாக எடுத்துக் கப்பலுக்கு அனுப்பியிருந்தது.

"நான் பாத்திருந்தா..." என்று ஆரம்பித்தார் அண்ணி.

அன்று காலை கப்பலின் சீஃப் ஆபிசரிடமிருந்து வந்த கடிதம் என் மேசையிலேயே இருந்தது. நங்கூரம் போட்டாயிற்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஹோல்டுகளைத் திறக்கிறோம் என்று எழுதியிருந்தார். சாப்பாடு முடிந்துவிட்டது. முதலில் யார் இறங்குவான் என்று எங்கள் இருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி அதற்குள் திருத்தக் கடிதம் ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டார். அது போகாமல் வரிசையில் நின்றது. கப்பலில் யாராவது போன் பேசிக்கொண்டிருந்தால் கடிதம் இறங்காது. இரண்டுக்கும் ஒரே வழிதான். கப்பலோடு பேசுவதற்கென்று எங்களிடம் ஒரு சாம்பல் நிறப் போன் உண்டு. அதை எடுத்துக் கப்பலின் எண்ணை அழுத்தினேன். எங்கேஜ்டு. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். எங்கேஜ்டு.

"எவன் இவன், இந்த நேரத்துல குடும்பக் கதை பேசிட்டிருக்கான்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவ்வளவும் எழுத முடியாது.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். அண்ணி திரையைக் காட்டினார். மனிதர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் செல்போனை எடுத்து அந்தத் துறைமுகத்தில் இருக்கும் எங்கள் ஏஜென்டைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. பிறகு துறைமுக ரேடியோ அறையைப் பிடித்தார். நங்கூரம் போட்ட கப்பல்களோடு ரேடியோவில் பேசுவது அவர்கள்தான். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு நிதானமான குரல்.

"சரி மேடம், புரியுது. ஆனா நான் கேட்டத நானா சொல்லக் கூடாது. எழுதி அனுப்புங்க, அப்படியே வாசிக்கறேன்."

"அந்தத் தாளையே அனுப்பறேன் சார்."

"தாளெல்லாம் வேண்டாம் மேடம். எங்க மெஷின்ல இணைப்பு எதுவும் திறக்காது. வெறும் எழுத்தா அனுப்புங்க."

அண்ணி விசைப்பலகையில் கை வைத்தார். ஒரு சொல்லை அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். நான் சாம்பல் போனை விடவில்லை. அழுத்துவது, அந்த டொக் டொக் சத்தத்தைக் கேட்பது, வைப்பது, மறுபடி அழுத்துவது. கீழே கடையில் யாரோ பெயின்ட் டப்பாவைக் குலுக்கும் எந்திரத்தை ஓடவிட்டார்கள், தரை அதிர்ந்தது. எழுதி முடித்துவிட்டார் என்று நினைத்தேன். பார்த்தால், இடது பக்கத்தில் அசலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, விரலைத் திரையில் ஊன்றி, உதடு அசையப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"அனுப்புங்க அண்ணி. அங்க அவன் எறங்கிட்டிருப்பான்."

"இரு."

"கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே. உங்க புருஷன்தானே அவன்?"

அவர் திரும்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிகிறது. விரல் மட்டும் வரியை விட்டு நகரவில்லை. கடைசி வரிவரை போயிற்று. பிறகுதான் அனுப்பினார். அந்த நிமிஷம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு, பொய் சொல்வானேன்.

"வந்துடுச்சு" என்றது ரேடியோக்காரரின் குரல். "லைன்லயே இருங்க." பிறகு அவர் கப்பலின் பெயரைச் சொல்லி அழைப்பது கேட்டது. பதில் இல்லை. இன்னொரு தடவை அழைத்தார். இரைச்சல். மேனேஜர் எங்கள் இருவரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவைக்குக் கரகரவென்று ஒரு பதில் வந்தது. சீஃப் ஆபிசரின் குரல்.

ரேடியோக்காரர் வாசித்தார். பேசி முடித்ததற்கு அடையாளமான 'ஓவர்' தவிர ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "மூன்றாவது ஹோல்டைத் திறக்காதீர்கள். திறந்திருந்தால் யாரும் இறங்காதீர்கள். இறங்கலாம் என்று காலையில் வந்த வரி அசலில் அடிக்கப்பட்ட வரி. மருந்துக் கம்பெனி ஆள் கருவியோடு வந்து சோதிக்கும்வரை காத்திருங்கள். பார்த்தாச்சு. ஓவர்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் ஓடியது. அண்ணி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுது. மூணாவது ஹோல்டு திறக்கல" என்றது கரகரத்த குரல். "ஒண்ணு, ரெண்டுகூடத் திறக்கல. எங்க போசன் திறக்க மாட்டேன்னு நிக்கறார். ஓவர்."

"ஏன்? ஓவர்."

"கடுதாசியில கடைசி வார்த்தை இல்லையாம். இப்ப வாசிச்சீங்களே, அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்ப ஒரு தடவை வாசிங்க. பக்கத்துலதான் நிக்கறார். ஓவர்."

"பார்த்தாச்சு. ஓவர்."

மறுபடி இரைச்சல். பிறகு வேறு குரல். அது யார் குரல் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா?

"ஆபீஸ் போனைக் கீழ வைக்கச் சொல்லுங்க சார். ரொம்ப நேரமா எங்கேஜ்டா இருக்கு. ஓவர்."

என் கையைப் பார்த்தேன். சாம்பல் போனின் ரிசீவர் அதில்தான் இருந்தது. நாங்கள் அவனைக் கூப்பிட, அவன் எங்களைக் கூப்பிட, இரண்டு பக்கமும் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. குடும்பக் கதை பேசுகிறவன் என்று நான் வாய்க்கு வந்தபடி திட்டியது என் கூடப்பிறந்தவனைத்தான். ரிசீவரைக் கீழே வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் மணி அடித்தது.

அண்ணி எடுத்தார். நான் வெட்கமே இல்லாமல் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"நல்லாருக்கியா?" அண்ணன் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"நான் பாக்கலங்க" என்றார் அண்ணி. "பாக்காம அனுப்பிட்டேன். மொட்டையைத் தானா அனுப்பச் சொல்லிட்டு பாப்பா பேச்சைக் கேக்கப் போயிட்டேன்."

"நீ நல்லாருக்கியா, அத மொதல்ல சொல்லு."

"நல்லாத்தான் இருக்கேன். மூணாவது ஹோல்டுல..."

"ஹோல்டு கெடக்குது விடு. மூடியைத் திறக்கலாம்னு இப்பத்தான் கடுதாசியைப் பாத்தேன், அந்த வார்த்தையைக் காணோம். பாக்காம அனுப்பற ஆளா நீ? உனக்குத்தான் என்னவோ ஆயிருச்சுன்னு நெனச்சேன். செல்லுக்குப் போட்டா ஆஃப். ஆபீஸுக்குப் போட்டா எங்கேஜ்டு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கேப்டன்கிட்ட போனை வாங்கிட்டு இங்கயேதான் நிக்கறேன். ஊர்ல என்னன்னு தெரியாம ஒரு மூடியையும் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன்."

தாளில் இருந்த வரியை அவன் சந்தேகப்படவே இல்லை. மூன்றாவது ஹோல்டைப் பற்றி அவனுக்கு எதுவும் தோன்றவே இல்லை. பெண்டாட்டிக்கு உடம்பு முடியாமல் போயிருக்குமோ என்ற பயம் ஒன்றுதான் அவனை மேல்தளத்துக்குப் போகவிடாமல் அந்தப் போனடியில் நிறுத்தி வைத்திருந்தது. அது புரிந்ததும் நான் தண்ணீர்க் கேன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணியின் செல்போன் பைக்குள் இருந்தது. பள்ளிக்கூட அரங்கத்தில் அணைத்து வைத்தவர், மறுபடி போடவே மறந்திருக்கிறார். "தங்கச்சிக்குப் போட்டிருக்கலாமேடா" என்று ரிசீவரைப் பிடுங்கிக் கேட்டேன்.

"உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லையே" என்றான், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். இத்தனை வருஷம் கூடப்பிறந்ததற்கு இதுதான் மரியாதை. அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

அண்ணி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தார். பிறகு காலையில் வந்த தாளை முதல் வரியிலிருந்து எடுத்து, இடது பக்கம் அசல், வலது பக்கம் மொட்டை என்று வைத்துக்கொண்டு விரலை ஊன்றினார். இந்தத் தடவை நான் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும், "நீயும் ஒரு தடவை பாரு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே கிடையாது. நான் என் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

வாயாடியின் போட்டிகளுக்கு அண்ணி இப்போதெல்லாம் போகிறார். அவர் இல்லாத நாளில் எந்த இணைப்பும் கப்பலுக்குப் போகாது, அவர் வரும்வரை காத்திருக்கும். மேனேஜரே போட்ட சட்டம். லீவுக்கு முந்தின நாளே அண்ணன் கப்பலுக்கு அண்ணியிடமிருந்து ஒரு சின்னக் கடிதம் போய்விடும். எதிர் மேசையில் இருக்கிறவள் எனக்குத் தெரியாமலா? 'நாளைக்கு நான் லீவு. அந்த வார்த்தை வராது. நல்லாத்தான் இருக்கேன்' என்று எழுதுவார். அதையும் விரல் வைத்து ஒரு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புவார்.